இங்கிலீஷ் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள்

எங்கள் வீட்டில் காபி ஆறிப்போய் ஏடு படிந்து கிடக்கிறதென்றால் அத்தை வந்திருக்கிறாள் என்று அர்த்தம். டம்ளரைக் கையில் வாங்குவாள். வாய் வரைக்கும் கொண்டுபோவாள். அப்புறம் என்னமோ ஞாபகம் வந்தவள்போலக் கீழே இறக்கிவிடுவாள்.

"இந்தக் காபி இருக்குதே, இது அரபு வீட்டுப் பொண்ணு. துருக்கிக்காரன் வீட்ல போயி வளர்ந்துச்சு. அங்கேர்ந்து இத்தாலிக்காரன் வீடு, டச்சுக்காரன் வீடுன்னு சுத்திட்டு, கடைசியா இங்கிலீஷ்காரன் வாசல்ல வந்து நின்னுச்சு. அவன்தான் நம்ம ஊருக்குக் கூட்டியாந்தான்."

"ஆறுது, குடிங்க அக்கா" என்பாள் என் அம்மா.

அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுவாளா? இன்னும் சர்க்கரை பாக்கி இருக்கிறதே. அது வடக்கே சமஸ்கிருத வீட்டில் பிறந்து, பாரசீகம், அரபு என்று போய், இங்கிலீஷ் வீட்டில் சுகர் என்று பேரை மாற்றிக்கொண்ட கதையையும் சொல்லி முடிப்பாள். அதற்கப்புறம் ஏட்டை விரலால் வழித்துப் போட்டுவிட்டு, ஒரே மடக்கில் குடிப்பாள். அத்தை சூடாகக் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கே அத்தை. என் அப்பா வயசுக்காரர்கள் அக்கா என்பார்கள். கல்யாணத் தரகு அவள் தொழில். தோளில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் ஜாதகக் கட்டு, காதில் எந்நேரமும் இயர்போன். பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருப்பாள். சாமி பாட்டு என்றுதான் ஊர் நினைத்தது.

ஓசூரில் இருக்கும் அவள் மகன் செய்த வேலை அது. வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர்களோடு அம்மா நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசட்டும் என்று போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருந்தான். பேசப் பழக்கும் பக்கத்தை அத்தை ஒரு நாளும் திறந்ததில்லை. வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று கதை சொல்லும் பக்கம் ஒன்று இருந்தது. அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆயிரம் வார்த்தைக்குக் குலம் கோத்திரம் சொல்வாள். ஆனால் போனில் யாராவது இங்கிலீஷில் பேசிவிட்டால், "டவர் இல்லபா" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

தப்பு சொல்லக்கூடாது, தொழில் புத்தி அது. பையன் எந்த ஊர், யார் வீடு, அப்பன் குடிப்பானா என்று விசாரிக்காமல் அத்தை எந்த இடத்துக்கும் வாக்குக் கொடுக்கமாட்டாள். அவள் விசாரிக்கிற விதமே தனி. பையன் தெரு மூலையில் இருக்கும் கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்குவாள். சோப்பை முகர்ந்து பார்த்துக்கொண்டே பேச்சைக் கொடுப்பாள். சோப்பு பைக்குள் போவதற்குள் அந்த வீட்டின் மொத்தக் கதையும் வந்துவிடும். அப்படி வாங்கின சோப்புகளே அவள் வீட்டில் ஒரு அலமாரி நிறைய இருந்தன. எல்லா வாசனையும் கலந்து, உள்ளே நுழைந்தால் தும்மல் வரும்.

இந்தக் கதைகளை இடம் பொருள் பார்த்துச் சொல்வாளா என்றால் அதுதான் இல்லை. அவளே முடித்துவைத்த ஒரு கல்யாணத்தில், ரிசப்ஷன் மேடையில் ஏறி, மாப்பிள்ளையும் பெண்ணும் ஹனிமூனுக்கு ஊட்டியா கொடைக்கானலா என்று பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே புகுந்தாள்.

"ஹனிமூன்னா என்னான்னு நெனச்சீங்க? மொத மாசம் தேனாட்டம் இனிக்கும், அப்புறம் நெலாவாட்டம் தேயும்னு கிண்டலுக்குச் சொன்னது அது."

மாப்பிள்ளையின் அம்மா முகம் போன போக்கைப் பார்த்து, வீடியோ எடுக்கிறவரே கேமராவைத் திருப்பிக்கொண்டார். கீழே இறங்கி வந்தவளிடம், ஏன் அத்தை இப்படி என்று கேட்டேன். "தெரியாமப் போயி மாட்டிக்கக் கூடாதுல்ல" என்றாள்.

உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் நின்றவர் பளபளவென்று வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்டுக்கொண்டே வந்தார். அத்தை அவரை நிறுத்திவைத்து, கேண்டிடேட் என்றாலே வெள்ளை உடுப்புக்காரன் என்றுதான் அர்த்தம், ரோமாபுரியில் ஓட்டுக் கேட்கப் போனவர்கள் அப்படித்தான் போனார்கள் என்றாள். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அழுக்கு தெரியக்கூடாதுன்னு துணிமேல சுண்ணாம்புக் கல்ல அரைச்சுப் பூசிக்கினு போவாங்களாம்பா" என்று அத்தை முடித்தாள். அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் மட்டும்தான் வந்தது, அவர் வரவில்லை.

எங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. அவர் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பார், அத்தை எதிரில் ஸ்டூல் போட்டுக்கொள்வாள். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். எங்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை ஷட்டில் என்போம். "உங்கப்பா கையில இருக்குதே, ஊடு நூல் ஓட்டுற நாடா, அதுக்குத்தான்டி இங்கிலீஷ்ல ஷட்டில்னு பேரு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கினே இருக்குதுன்னு ரயிலுக்கு வெச்சான், பஸ்ஸுக்கு வெச்சான்" என்றாள். அப்பா ஓடுகிற நாடாவை நிறுத்தி ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டார். அன்று முழுக்க அவருக்கு நல்ல மூடு.

அத்தைக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒரு பட்டியல். நம் வீட்டிலிருந்து இங்கிலீஷ் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். கட்டுமரம் அங்கே போய்க் கேட்டமரான் ஆனது. சுருட்டு, செரூட். மாங்காய், மேங்கோ. அதை மலையாளத்துக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண் என்கிறார்கள் என்று நான் சொன்னதற்கு, "ரெண்டு வீட்லயும் வளர்ந்த பொண்ணுன்னு வெச்சுக்கோ, எதுக்கு வம்பு" என்றாள். மிளகுத்தண்ணி மேல்தான் கொஞ்சம் மனஸ்தாபம். "நம்ம வீட்ல ஜுரத்துக்குக் குடிச்சிக்கினு இருந்தது, அங்க போயி கறித்துண்டெல்லாம் போட்டுக்கினு சூப்புன்னு சொல்லிக்கினு திரியுது" என்பாள்.

பட்டியல் முடிந்ததும் ஒரு வார்த்தை தவறாமல் சொல்வாள். "இங்கிலீஷ்காரன் வீடு ஏன் இவ்ளோ பெரிய வீடா ஆச்சு தெரியுமா? வாசல்ல வந்து நின்ன ஒருத்தியையும் நீ என்ன குலம்னு கேக்கல அவன். வாம்மான்னு உள்ள கூப்ட்டு உக்கார வெச்சுட்டான்."

இதை எத்தனை தடவை கேட்டிருப்பேனோ, கணக்கே கிடையாது. எனக்கு இது ஒரு நாள் உதவும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

என் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தான் ஸ்டீபன். முசரவாக்கத்துக்காரன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா சத்தம் போடவில்லை, அவர் சுபாவம் அது. தறியை நிறுத்திவிட்டு அத்தையை வரச்சொன்னார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சம்பந்தம் வேண்டாம் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் வாயால் சொல்லவைப்பார்கள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை, பழி நட்சத்திரத்தின் மேல் போய்விடும். ஸ்டீபன் வீட்டார் கிறிஸ்தவர்கள், அவனுக்கு ஜாதகமே கிடையாது. அப்பாவுக்கு அதுதான் சங்கடம்.

"அக்கா, நீ ஒரு வாட்டி அங்க போயிட்டு வந்துடு" என்றார். "விசாரிச்சேன், சரிப்படலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா அவ கேட்டுக்குவா. எனக்கும் பாவம் இல்ல."

"போறதுக்கு முன்னாடியே சரிப்படலன்னா எப்படி தம்பி?"

"அவங்க யாரு என்னான்னு உனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. அத்தை ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள். கதை சொல்லாமல் குடித்த காபி அது. தெருவில் ஓடிப்போய் அவளைப் பிடித்தேன்.

"இங்கிலீஷ்காரன் வீட்ல யாரையும் குலம் கேக்கலன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க?"

"அது வார்த்தைக்குடி. வார்த்தைக்கு அப்பா இருக்கறானா, பங்காளி இருக்கறானா?"

"அப்ப சரிப்படலன்னுதான் சொல்லப் போறீங்களா?"

"விசாரிக்காம நான் எதையும் சொல்றதில்ல" என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "உன் ஸ்கூட்டில பெட்ரோல் இருக்குதா? முசரவாக்கத்துக்கு எவ பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருக்கறது?" என்று கேட்டாள்.

தன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கத் தரகரைத் தானே பின்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போன பெண் காஞ்சிபுரம் ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை. சர்ச் விட்டு ஜனங்கள் வீடு திரும்பியிருந்தார்கள். மூலைக் கடையில் அத்தை ஒரு சந்தன சோப்பு வாங்கினாள், முகர்ந்தாள், பேசினாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ வண்டியோட இங்கயே நில்லு, பொண்ணு வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு ஸ்டீபன் வீட்டுக்குள் போனாள். அவன் அம்மா என்னைப் பார்த்துவிட்டார்கள். "வெயில்ல ஏம்மா நிக்கற, உள்ள வா" என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் அம்மா ஜாக்கெட் தைக்கிறவர்கள். முன்னறையில் தையல் மெஷின்மேல் ஒரு கல்யாண ஜாக்கெட் பாதி முடிந்த ஆரிப் பூவேலையோடு கிடந்தது. அவன் அப்பா மேஸ்திரி, கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தார். ஸ்டீபன் சுவரோரமாக நின்றுகொண்டு, எனக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். "காபி போடட்டுமாம்மா, இல்ல கடையில கூல்டிரிங்க்ஸ் வாங்கியாரச் சொல்லட்டா?"

கூல்டிரிங்க்ஸ் என்றால் மூடி திறக்காத பாட்டில். வீட்டுக்காரர் கை படாதது. எங்கள் தெரு மாதிரியான இடத்திலிருந்து யாராவது வந்தால் இப்படிக் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். எனக்கு மானம் போனது. அத்தை நிமிர்ந்து பார்த்து, "காபியே போடும்மா" என்றாள்.

காபி வந்தது. அத்தை டம்ளரை வாங்கினாள், வாய் வரைக்கும் கொண்டுபோனாள், இறக்கினாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அரபு வீடு, துருக்கி வீடு, சர்க்கரை என்று எல்லாம் வந்தது. ஸ்டீபனின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கேட்க ஆள் கிடைத்தால் அத்தைக்குச் சொல்லவா வேண்டும்? கட்டிக்கொடுத்த பெண்கள் பட்டியலுக்குப் போய்விட்டாள். கட்டுமரம், சுருட்டு, மாங்காய், மிளகுத்தண்ணி. "ஒருத்தியையும் நீ என்ன குலம்னு அவன் கேக்கல" என்று வழக்கம்போல முடித்தாள். எந்த வீட்டில் உட்கார்ந்து என்ன சொல்கிறோம் என்பது வாயை விட்டு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பொண்ண விட்டுட்டீங்களே ஆன்ட்டி" என்றான் ஸ்டீபன்.

"எதப்பா?"

"பரையான்னு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்குது. யாரும் சேத்துக்காம ஒதுக்கி வெச்ச ஆளுன்னு அர்த்தம் போட்டிருக்கான். பறை அடிச்சவங்க பேரு அது. எங்க ஜனத்தோட பேரு. நம்ம ஊர்லேர்ந்துதான் போச்சு."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. பொருள் ஒன்று கணக்கில் குறைகிறது என்று ஸ்டோர்ஸில் சொல்வானே, அந்தக் குரல்.

"கம்பெனில ட்ரெய்னிங் குடுக்க வந்தவரு ஒரு நாள் சொன்னாரு. ரிப்போர்ட்ட லேட்டா குடுத்தா டீம்ல நீ பரையா ஆயிடுவன்னு. எல்லாரும் எழுதிக்கினாங்க. நானும் எழுதிக்கினேன்."

அந்த வகுப்பில் நானும் இருந்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவே இல்லை.

"தெரியும்பா" என்றாள் அத்தை. "ஆப்புல ஒரு நாள் அதுவும் வந்துச்சு. பஸ்ல கேட்டுக்கினு இருந்தேன். பாதியில நிறுத்திட்டேன்."

"அப்ப ஏன் சொல்றதில்ல?"

அத்தை பதில் தேடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"இங்க வந்து எறங்கின வெள்ளக்காரனுக்கு நம்ம ஜனத்தப் பத்தி என்னப்பா தெரியும்?" என்றாள் மெதுவாக. "இவங்க யாருன்னு விசாரிச்சிருப்பான். நாங்க விசாரிக்கறோமே, அப்படித்தான். மூலைக் கடையில நின்னு கேட்டிருப்பான். அவன் கேட்ட ஆளு அப்படிச் சொல்லியிருக்கறான். சொன்னத அவன் எழுதிக்கினான். மத்த பொண்ணுங்கள நாம கட்டிக் குடுத்தோம். இத நாம சொல்லி அனுப்பிச்சோம்." கொஞ்சம் நிறுத்தி, "என்னாட்டம் எவளாச்சும்தான் சொல்லியிருப்பா" என்றாள்.

ஸ்டீபனின் அம்மாதான், "காபி ஆறுது, குடிங்கம்மா" என்றார்கள். என் அம்மா சொல்வது மாதிரியே இருந்தது. அத்தை குடித்துவிட்டு டம்ளரை அவர்கள் கையிலேயே கொடுத்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஸ்டீபன், "போயிட்டு வாங்க ஆன்ட்டி" என்றான்.

அத்தை திரும்பினாள். விடுவாளா? "ஆன்ட்டிங்கறது லத்தீன் வீட்டு வார்த்தைபா. அங்க அப்பா கூடப் பொறந்தவளுக்குத்தான் அந்தப் பேரு. அப்ப என்ன ஆச்சு, அத்தைதானே? எதுக்கு அவ்ளோ தூரம் சுத்திக்கினு? நேராவே கூப்பிடு."

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். "போயிட்டு வாங்க அத்தை" என்றான்.

திரும்பும்போது என்ன சொல்லப் போகிறீர்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும், "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள். தெருமுனையிலேயே தன்னை இறக்கிவிடச் சொல்லி, தனியாக வந்தவள்போல நடந்து வந்தாள். அப்பா தறியிலிருந்து எழுந்திருக்காமலே, "என்னக்கா?" என்றார்.

"விசாரிச்சேன். நல்ல இடம்."

அத்தை எந்த வீட்டைப் பற்றியும் லேசில் அப்படிச் சொன்னதில்லை. பரவாயில்லை என்பாள், பார்க்கலாம் என்பாள். அவள் நல்ல இடம் என்று சொல்லிவிட்டால் எங்கள் தெருவில் அடுத்தது பத்திரிகை அடிப்பதுதான்.

"உன்ன எதுக்கு அனுப்பிச்சேன் அக்கா?" அப்பா நாடாவைக் கீழே வைத்தார்.

"விசாரிக்க அனுப்பிச்ச. விசாரிச்சுட்டு வந்துட்டேன்."

"நாளைக்கு நம்ம ஜனத்துல ஒருத்தன் உன்ன நம்பி ஜாதகம் குடுப்பானா? உன் பொழப்ப யோசிச்சியா?"

"வழியெல்லாம் அதத்தான் யோசிச்சுக்கினு வந்தேன் தம்பி."

"அங்க என்னா சாப்ட்ட?"

"காபி" என்றாள். "சக்கரை கொஞ்சம் தூக்கல். நம்ம பொண்ணு போயி கொறைச்சுப் போடட்டும்." பையிலிருந்து அந்தச் சந்தன சோப்பை எடுத்து என் கையில் வைத்தாள். "இந்தா, சீர்."

அப்பா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஒரு காலையில், என்னிடம் இல்லை, அம்மாவிடம்தான் கேட்டார். "கூறைப் பொடவைக்கு அவளுக்கு என்ன கலர் வேணும்னு கேளு. தறியில பாவு போடணும்."

அப்பா சொன்னது பலிக்காமல் போகவில்லை. எங்கள் கல்யாணத்துக்கப்புறம் தெருவில் சில வீடுகள் அத்தையிடமிருந்து ஜாதகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டன. மீதி வீடுகளை அவளே கெடுத்துக்கொண்டாள் என்றுதான் சொல்லவேண்டும். அந்தப் பட்டியலை விடுகிற ஜாதியா அவள்? மிளகுத்தண்ணி வரைக்கும் சொல்லிவிட்டு, "இன்னும் ஒண்ணு இருக்குது" என்று அந்த வார்த்தையையும் சொல்ல ஆரம்பித்தாள். யார் சொல்லி அனுப்பியது என்பதையும் சேர்த்துச் சொன்னாள். யாரையும் குலம் கேட்கவில்லை என்று பெருமை பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவார்களாம். அப்புறம் காபி வரும்போது கதை கேட்க எதிரில் ஆள் இருக்காது.

"அப்ப என்ன பண்ணுவீங்க அத்தை?" என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். சர்க்கரை குறைத்துப் போட்டு ஸ்டீபன் கொண்டுவந்து வைத்த காபி அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன பண்றது? காபிய எடுத்துக் குடிச்சுட்டு எழுந்து வந்துடுவேன்" என்றாள். "சூடா குடிச்சாலும் நல்லாத்தான்டி இருக்குது."